மூன்று செட் பிரேக் ஷூவும் ஒரு முழக் கட்டுக்கம்பியும்

14,000 கிலோமீட்டர். அடுத்தது 11,000. அதற்கும் அடுத்தது 8,000 தொடுவதற்குள் போய்விட்டது. என் பிக்கப்பின் பின்சக்கர பிரேக் ஷூக்கள், அதாவது டிரம்மின் உள்சுவரில் உரசி வண்டியை நிறுத்துகிற பிறைவடிவத் துண்டுகள், தேய்ந்த கணக்கு இது. இத்தனைக்கும் முன்சக்கரத்து டிஸ்க் பேடுகள் போட்ட அன்றைக்கு எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்திருந்தன. பிரேக் மிதித்தால் வண்டியின் பாரம் முன்னால்தான் சாயும், அதனால் முன்பக்கம்தான் சீக்கிரம் தேயும் என்று நேற்று லைசென்ஸ் வாங்கிய பையன்கூடச் சொல்வான். என் வண்டியில் மட்டும் எல்லாம் தலைகீழ்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. சேந்தமங்கலம் பக்கம் வீடு. கொல்லிமலையில் வாழை, அன்னாசி, சீசன் வந்தால் பலா, இதையெல்லாம் வாங்கிக் கீழே இறக்கி நாமக்கல்லிலும் சேலத்திலும் கடைகளுக்குப் போடுகிறேன். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் மேலே சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. காலியாக ஏறி, லோடோடு இறங்குகிற பிழைப்பு. சுற்றுலா வருகிறவர்கள் வளைவு எண் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பலகை ஒவ்வொன்றும் ஷூவின் லைனிங்கில், அதாவது உரசித் தேய்கிற மேல்பட்டையில், ஒரு சுரண்டல்.

வண்டி செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வாங்கின கையோடு பின்னால் புது ஷூ போட்டேன். அது 14,000-த்தில் போனபோது ஒன்றும் தோன்றவில்லை, மலை வண்டி, போகத்தான் செய்யும். இரண்டாவது செட் போனபோது ஸ்பேர்ஸ் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது, டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று. மூன்றாவதற்கு வேறு கடைக்குப் போய், பெட்டி சீல் பிரிக்காத, விலை கூடின செட்டாகப் பார்த்து வாங்கினேன். இருப்பதிலேயே சீக்கிரம் போனது அதுதான். கடைக்காரரையும் கம்பெனியையும் தள்ளிவிட்டால் மிச்சம் இருக்கிற ஒரே குற்றவாளி வண்டி ஓட்டுகிற என் மச்சான்.

"ஏன்டா, பிரேக் மேல கால வச்சிக்கிட்டேதான் இறக்கறியா?"

"இல்லைங்க மாமா, ரெண்டாவது கியர்லதான் இறக்கறேன். வேணும்னா நீங்க வந்து உக்காந்து பாருங்க."

நான் போய் உட்காரவில்லை. உட்காராமலே தீர்ப்பு சொன்னேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவன் அக்கா இரண்டு நாள் எனக்குக் காபியைச் சூடாகத் தரவில்லை.

என் கோபத்துக்கு இன்னொரு காரணம் எதிர்வீட்டுக்காரர். அவரிடமும் இதே மாதிரி பிக்கப், ஏற்றுவது முட்டை. (நாமக்கல்லில் முட்டை ஏற்றாத பிக்கப்பைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.) ஒரு செட் ஷூ 50,000 தாண்டி ஓடுகிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் போவது சமவெளி, அதுவும் முட்டை ஏற்றுகிற மனுஷன் பிரேக்கையே முட்டையை மிதிக்கிற மாதிரிதான் மிதிப்பார், அதை ஒப்பிடக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி, பழம், ஆள் எல்லாம் சேர்த்து 3 டன். இறங்குகிற உயரத்தைக் கணக்குக்காக 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகிற சக்தி முழுக்கச் சூடாக மாறினால், 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் காற்றும் டயரும். மீதி எல்லாம் நான்கு சக்கரத்துக்குள்தான் இறங்கியாக வேண்டும். முன்னால் இருக்கும் டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது, சூட்டை விட்டுவிடும். பின்னால் இருக்கும் டிரம் மூடி போட்ட பானை. ஆகவே மலை வண்டியில் பின் ஷூ சீக்கிரம் தேய்வது நியாயம்தான். ஆனால் 14, 11, 8 என்று இறங்கிக்கொண்டே வருவது எந்த ஊர் நியாயம்? மலை ஒன்றும் வளரவில்லையே.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது, அப்போது அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை. போன ஐப்பசி மழையில் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தோம், ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது, மச்சான் மிதித்தான், வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பி அரைவட்டம் போட்டு வயல் வரப்பைப் பார்த்து நின்றது. ஆட்டுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை. டயர் மொட்டை என்று டயரைத் திட்டிவிட்டு வந்துவிட்டேன். டயர் மொட்டை இல்லை.

நான்காவது செட் வாங்கப் போன அன்றைக்கு, லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை எங்கள் மெக்கானிக்கிடம் காட்டு என்று இழுத்துக்கொண்டு போனார். நாமக்கல்லில் லாரி தெரிந்த ஆளுக்குப் பஞ்சமா? பாடி கட்டுகிற பட்டறை, டயர் ரீட்ரேடிங், லேத், எங்கே திரும்பினாலும் அதுதான். இவர் அறுபது தாண்டியவர், லாரி மட்டும்தான் பார்ப்பார், என் வண்டியை ஏதோ குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வண்டிக்குக் கிட்டேகூட வரவில்லை.

"கழட்டுன ஷூவெல்லாம் எங்கீங்க தம்பி?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்ங்க."

"மூணு செட்டுமா?"

"கடைசி செட்டு வண்டியிலயே இருக்குதுங்க."

"நோவு என்னன்னு அதுலதான எழுதியிருக்குது. சீட்டை எடைக்குப் போட்டுட்டு வந்து வைத்தியம் கேக்கறீங்களே."

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இவ்வளவுதான்: தேய்ந்த ஷூவை மூன்று தடவை மாற்றினேன், ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை. கழற்றினான், போட்டான், காசு கொடுத்தேன், வந்தேன்.

அவர் இரண்டு டிரம்மையும் கழற்றச் சொன்னார். பையன் கம்பிரசர் குழாயை எடுத்துக்கொண்டு தூசியை ஊத வந்தான், பெரியவர் ஒரு அதட்டல் போட்டார், ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். இது எல்லாப் பட்டறையிலும் நடப்பதில்லை, அதனால் சொல்கிறேன். லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஊதுகிறவன் பக்கத்தில் நிற்காதீர்கள், ஊதவும் விடாதீர்கள்.

நான்கு ஷூவையும் ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்துச் சாக்பீஸால் குறி போட்டார். இடது முன், இடது பின், வலது முன், வலது பின். ஒரு டிரம்முக்குள் இரண்டு ஷூ இருக்கும். வண்டி முன்னால் போகும்போது டிரம் சுற்றுகிற வேகமே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக் கடிக்க வைக்கும். பின் ஷூவை அதே சுற்று தள்ளிவிடப் பார்க்கும். அதனால் ஒழுங்கான சக்கரத்தில் முன் ஷூ கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும். என் வலது சக்கரம் அப்படித்தான் இருந்தது, வெர்னியர் வைத்துப் பார்த்தால் லைனிங்கில் மிச்சம் முன் ஷூவில் 1.5 மில்லிமீட்டர், பின் ஷூவில் 2.3. இடது சக்கரத்தில் இரண்டிலும் மிச்சம் 1 மில்லி, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, டிரம்முக்குள் நீலம் பாரித்த திட்டுகள், முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சா ஹேண்ட் பிரேக்கப் பாக்கணும்" என்றார். ஹேண்ட் பிரேக் கேபிள் இழுத்தால் உள்ளே ஒரு நெம்புகோலும் குறுக்குப் பட்டையும் சேர்ந்து இரண்டு ஷூவையும் ஒரே நேரத்தில் விரிக்கும். கேபிள் முழுசாகத் திரும்பிப் போகாவிட்டால் இரண்டும் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், தேயும். அதே, ஒரு சக்கரத்தில் ஒரு ஷூ மட்டும் தேய்ந்திருந்தால் ஷூக்களை எண்ணெய் அழுத்தத்தில் தள்ளுகிற வீல் சிலிண்டரில் ஒரு பக்கப் பிஸ்டன் துருப்பிடித்து நின்றிருக்கும். லைனிங் எண்ணெய் குடித்திருந்தால் ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கும், அப்போது சீலை மட்டும் மாற்றினால் போதாது, ஆக்ஸில் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர் என்கிற காற்றுத்துளையில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். ஷூ ஒரு ஓரத்தில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் டிரம் சூட்டில் வாய் விரிந்திருக்கும். இதையெல்லாம் அவர் பாடம் நடத்துகிற மாதிரி சொல்லவில்லை, பீடி பற்றவைக்கிற இடைவெளியில் ஒவ்வொன்றாக உதிர்த்தார், நான்தான் கோத்துக்கொண்டேன்.

இடது கேபிளைப் பிடித்துப் பார்த்தால், ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில் மேலுறை கிழிந்து, சேறும் தண்ணீரும் உள்ளே போய், கம்பி துருவேறியிருந்தது. இழுத்தால் வருகிறது, விட்டால் திரும்பப் போகவில்லை. இதில் எங்கள் பங்கும் உண்டு. மலை இறங்கியதும் காரவள்ளியில் டீ குடிப்பது வழக்கம். கொதிக்கிற டிரம்மோடு வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு இறங்குவோம். சூட்டில் விரிந்திருக்கும் டிரம் ஆற ஆறச் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், டிரம்மின் வட்டமும் கெடும், கேபிளுக்கும் தேவையில்லாத இழுப்பு. சூடாக இருக்கும்போது கியரில் போட்டு டயருக்குக் கல் வைத்தால் போதும், ஆறின பிறகு ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளலாம்.

இடது பக்கக் கதை முடிந்தது. வலது பக்கம் ஏன் 8,000-த்தில் ஒன்றரை மில்லிக்கு வந்தது? அதைக் கேட்டேன். பெரியவர் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, உள்ள வாங்க. இந்தக் கம்பிய ஆரு கட்டுனது?"

சென்ட்ரிங் வேலைக்குக் கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பி. ஒரு சின்ன நெம்புகோலை மேலே தூக்கி, சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேர்த்து நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது.

அந்த நெம்புகோல் இருக்கிற பொருளின் பெயர் லோடு சென்சிங் வால்வு, எல்எஸ்பிவி என்பார்கள், பட்டறையில் லோடு வால்வு. வால்வு சேஸிஸில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்ஸிலுக்குப் போகும். லோடு ஏற்றினால் சேஸிஸ் கீழே இறங்கும், ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி குறையும், நெம்புகோல் திரும்பும், பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தை வால்வு கூட்டிவிடும். காலி வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்குமல்லவா, அப்போது அழுத்தத்தைக் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். காரில் நாலு பேர் ஏறினாலும் இறங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, பிக்கப்புக்கு காலிக்கும் லோடுக்கும் டன் கணக்கில் வித்தியாசம், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புது வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸோடு சேர்த்து மின்னணுவில் இதைச் செய்துவிடுகிறார்கள், என்னுடையது பழசு.

கம்பியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றரை வருடம் முன்னால், பலா சீசன், பின்பக்கம் ரொம்ப உட்காருகிறது என்று ஒரு பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டேன். வண்டி பின்னால் நிமிர்ந்து நின்றது, பார்க்க ஜம்மென்று இருந்தது. நிமிர்ந்து நின்றதுதான் வினை. லோடு ஏற்றினாலும் சேஸிஸ் இறங்கவில்லை, வால்வுக்கு வண்டி எப்போதும் காலி என்றே நினைப்பு, பின் பிரேக்குக்குப் போதுமான அழுத்தம் போகவில்லை. "பின்னாடி பிரேக்கே இல்லைப்பா" என்று அதே பட்டறைக்குத் திரும்பிப் போனேன். அங்கிருந்த பையன் அடியில் போய் இரண்டு நிமிஷத்தில் வந்தான், "இனி சும்மா நச்சுன்னு நிக்கும்ண்ணா" என்றான். நின்றது. நான் டீக்குக் காசு வேறு கொடுத்தேன். அதாவது, கம்பி கட்டியவன் அவன், கட்டச் சொன்னது நான், திட்டு வாங்கியது மச்சான்.

முழு லோடோடு மலை இறங்கும்போது அந்தக் கம்பி பெரிய தப்பு ஒன்றும் செய்யவில்லை, அப்போது பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் வேண்டியதுதான். ஆனால் காலியாகப் போகும்போது, பாதி லோடோடு ஊருக்குள் கடை கடையாக நின்று போகும்போது, சேலம் டவுனில் சிக்னல் சிக்னலாக மிதிக்கும்போது, எல்லா நேரமும் பின்னால் முழு அழுத்தம். ஐப்பசி மழையில் ஆட்டுக்காக அரைவட்டம் போட்டதும் அதனால்தான்.

இதோடு முடிந்தது என்று எழுந்தேன். பெரியவர் முன்சக்கரத்தையும் கழற்று என்றார். அது நன்றாக இருக்கிறதுங்க, பேடு தேயவே இல்லை என்றேன் பெருமையாக.

"தேயாத பேடு உழைக்காத பேடுங்க தம்பி."

பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிற கவ்விதான் கேலிப்பர். அது நகர்வதற்கு இரண்டு பின் (pin), அதாவது வழுக்கி நகரும் உலோகக் குச்சிகள், உண்டு. இரண்டு பக்கமும் ரப்பர் கிழிந்து, கிரீஸ் காய்ந்து, பின் உள்ளே போய் இறுகிக்கிடந்தது. பேடு டிஸ்க்கை ஏனோதானோ என்று தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முன்பக்கம் செய்யவேண்டிய வேலையையும் பின்பக்கமே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆரம்பத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று நான் நினைத்த பேடு, உண்மையிலேயே ராஜா மாதிரிதான் உட்கார்ந்திருந்தது.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேபிள் இரண்டு பக்கமும் புதுசு. கேலிப்பர் பின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ரப்பர், பிரேக்குக்கு என்றே விற்கிற கிரீஸ் (சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும், அதைத்தான் நிறையப் பேர் போடுகிறார்கள்). வலது டிரம்மை லேத்தில் கடைந்தால் தேறும் என்றார், ஆனால் டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், இடது டிரம் அதைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் கடைந்தது என்று வைத்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இரண்டும் புதுசாகப் போட்டோம். பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சாமான். டாட் 3 என்கிற வகை புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம், கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். மூடியில் எது போட்டிருக்கிறதோ அதை ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலையில் ஓடுகிற வண்டியில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பி விஷயத்தில்தான் பெரியவர் என்னைத் தடுத்தார். நான் கோபத்தில் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்துவிட்டேன். வெறுமனே வெட்டிவிட்டால் பழையபடி வால்வு வண்டியைக் காலி என்று நினைத்துக்கொள்ளும், லோடோடு 70 வளைவு இறங்கும்போது பின்னால் பிரேக் போதாது, அது இதைவிட ஆபத்து. ஆகவே முதலில் பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றினோம். அப்புறம் கட்டுக்கம்பியை வெட்டினோம். வால்வையும் ஆக்ஸிலையும் இணைக்கிற கம்பியின் நீளத்தைக் கண்ணால் பார்த்து வைக்கிற வேலை வேண்டாம் என்று, அன்றைக்கே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் கம்பெனி சர்வீஸில் காலியாகவும் லோடோடும் அழுத்தமானி மாட்டி செட் பண்ணச் சொன்னார். தனக்குத் தெரியாத வேலை இல்லை, கருவி இல்லாத வேலை என்றார். எல்லாம் சேர்த்து 13,000 சொச்சம். ஒரு செட் ஷூ 1,400 ரூபாய்க்குள் முடிகிறதே என்று மூன்று தடவை மாற்றியதில் மிச்சம் பிடித்ததாக நினைத்தவன் நான்.

புது ஷூ போட்டபின் அட்ஜஸ்ட் பண்ணுவதில் ஒரு வரிசை இருக்கிறது, அதையும் இதற்கு முன் என் வண்டியில் யாரும் செய்ததில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, ஜாக்கியில் தூக்கி, ஷூவை டிரம் உரசுகிற வரை அட்ஜஸ்டரில் விரித்து, சக்கரம் தாராளமாகச் சுற்றுகிற அளவுக்குத் திரும்பக் குறைத்து, கடைசியில்தான் கேபிளை இழுக்க வேண்டும். நம் ஊரில் ஹேண்ட் பிரேக் மேலே வருகிறது என்றால் உடனே கேபிள் நட்டைத் திருகுவார்கள். ஷூ தேய்ந்ததை மறைக்கிற வேலை அது, உள்ளே இருக்கிற தானியங்கி அட்ஜஸ்டரும் அதோடு வேலை செய்யாமல் நின்றுவிடும்.

ஓட்டுகிற விஷயத்தில் மச்சானிடம் ஒரு குறைதான் கண்டுபிடித்தேன், அதுவும் என்னிடம் இருப்பதுதான். கியர் சரியாகத்தான் போடுகிறோம், ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலைக்காரனுக்குத் தாய்ப்பால் மாதிரி. ஆனால் வளைவுக்கு வளைவு பெடல் மேல் காலை லேசாக வைத்துக்கொண்டே வருவோம். அதற்குப் பதில் வேகம் கூடினதும் ஒரு அழுத்து நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு முழுக்க விட்டுவிட வேண்டும், விடுகிற நேரத்தில்தான் டிரம் மூச்சு வாங்கும். இறங்கும்போது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போக ஆரம்பித்தால் டிரம் சூட்டில் விரிகிறது என்று அர்த்தம், ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களுக்கு ஒன்று: கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சினையே அணைத்து உருட்டுகிற வீரர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதியில், மிதிக்கு பலம் சேர்க்கிற பூஸ்டரில் இருக்கும் வாக்குவம் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு எதுவும் சொல்வதற்கில்லை.

வேலை முடிந்து மூன்றாவது நடையில் சூடு பார்க்கலாம் என்று கொரோனா காலத்தில் வாங்கின நெற்றித் தெர்மாமீட்டரைக் காரவள்ளியில் டிரம்மைப் பார்த்து நீட்டினேன். காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாமல் அது முழித்தது. டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பட்டறையில் பயன்படுத்துகிற துப்பாக்கி மாதிரி ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். இடது 168 டிகிரி, வலது 161. எனக்கு அந்த எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் தனியாக ஏறினால் அன்றைக்கே கழற்றிப் பார்த்துவிடுவேன்.

இதைச் சித்தப்பா மகனிடம் போனில் சொன்னேன், அவன் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறான், அங்கே ஒரு பிக்கப் வைத்திருக்கிறான், அதில் பழமும் ஏற்றுவதில்லை முட்டையும் ஏற்றுவதில்லை, சும்மா ஆபீஸ் போய் வருகிறான். அவனுக்கும் பின் பேடுதான் முதலில் போனதாம். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் பட்டுக் கேலிப்பர் பின் துருப்பிடித்து இறுகிவிடும். அதோடு லேசாகப் பிரேக் மிதிக்கும்போது மூக்கு கீழே குத்தாமல் இருக்கப் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுக்கிற மாதிரி மின்னணு அமைப்பு உள்ள பிக்கப்புகள் அங்கே உண்டு. அவன் முதலில் யாரைத் திட்டினான் என்று கேட்டேன். மனைவியை என்றான். கம்பி கட்டாத வண்டிக்கே அந்த நிலைமை.

போன ஞாயிற்றுக்கிழமை 19,000 கிலோமீட்டர் ஆனது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம். வலது முன் ஷூ 3.1 மில்லி, இடது முன் ஷூ 3. அதாவது பழைய கணக்குக்கு இரண்டு செட் போயிருக்க வேண்டிய நேரத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. முன் பேடு ஒழுங்காகத் தேய்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் மாற்ற வேண்டும், சந்தோஷமாக மாற்றுவேன். எல்லா அளவையும் தேதி போட்டு டிரைவர் பக்கக் கதவின் உட்புறம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்டி எடுத்த கட்டுக்கம்பியை அன்றைக்கே பட்டறைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அது வண்டியின் முன்னால், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், அழகாக வளையம் போட்டுத் தொங்குகிறது. எடுடா அதை என்றால், "இருக்கட்டும்ங்க மாமா, திருஷ்டிக்கு" என்கிறான்.